வளைந்த ஆறு பென்னி

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் வயலில், உலோகம் கண்டறியும் கருவியோடு நடந்த டெஸ்மண்டுக்கு இரு முனையும் வளைந்த வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. கலப்பை ஏறி வளைந்ததென்று எண்ணி ஒரு முனையை விரலால் நிமிர்த்திவிட்டார். கூட வந்த தோழி ஹிலரி அதை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

“அட மனுஷா, என்ன காரியம் பண்ணின! இது வில்லியம் ராஜா காலத்து ஆறு பென்னிக் காசு. அந்தக் காலத்து வழக்கப்படி, ஆசைப்பட்ட பொண்ணுக்குக் காதல் அடையாளமா குடுக்க எவனோ வேணும்னேதான் ரெண்டு பக்கமும் வளைச்சிருக்கான்.”

டெஸ்மண்டின் முகம் வாடியது. “மறுபடி வளைச்சுடட்டுமா?”

“தொட்ட, கைய ஒடிச்சிடுவேன். முன்னூறு வருஷத்து வெள்ளி, உடைஞ்சே போயிடும்.”

வயலுக்குச் சொந்தக்காரியான மாளிகைக்காரியிடம் காசைக் கொடுத்தபோது, கூட வைத்த சீட்டில் டெஸ்மண்டே எழுதினார்: ‘இடப்பக்க வளைவை நிமிர்த்தியவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன்.’