மாமியார் வராத மேசை

என் கணவர் எழுதிய நிரலுக்கு எங்கள் அலுவலகத்தில் மாமியார் என்று பெயர். நாங்கள் பதினோரு பேர், கட்டட வரைபடங்களைக் கணினியில் வரைகிறவர்கள். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாமியார் வந்து எல்லாத் திரைகளையும் மூன்று நிமிடம் பூட்டிவிடுவாள். கத்தினாலும் கெஞ்சினாலும் திறக்காது. வேறு வழியில்லாமல் எழுந்து நடப்போம், கழுத்தைத் திருப்புவோம், தண்ணீர் குடிப்போம், என் கணவரைத் திட்டுவோம். ஆறு மாதத்தில் என் முதுகுவலி போயிற்று. மற்றவர்களும் தேறினார்கள். திட்டுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

அவர் உயிர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நாற்காலியிலேயே. நான் நான்கு மேசை தள்ளி இருந்தேன். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டதாம்.

"ரொம்ப நேரம் அசையாம உட்கார்ற வேலையா?" என்று கேட்டார் மருத்துவர்.

ஊரையே எழுப்பி நடக்கவிட்ட மனிதரைப் பார்த்தா இந்தக் கேள்வி? "இல்லவே இல்ல" என்று அடித்துச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, எங்களோடு வேலை பார்க்கும் என் கொழுந்தன் அவருடைய மேசைக்கு மாறினான். "அண்ணன் உட்கார்ந்த இடம், அண்ணி. வேற யாரும் உட்கார வேணாம்." கணினியை மாற்றவில்லை. அண்ணன் பெயரிலேயே திறந்து வேலை செய்தான். எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்தச் சமயம் ஒரு பள்ளிக் கட்டடம் வந்தது, நான்கு மாடி. நாங்கள் எழுந்து நடக்கும்போது அவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் வரைந்துகொண்டிருப்பான்.

"மாமியாருக்கு இந்த மருமகன்னா தனிச் செல்லம்" என்றார் மின்தூக்கிகளை வரையும் பெரியவர். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் இடது காலை இழுத்து நடந்து வந்தான்.

"என்னடா நொண்டுற?"

"ஒண்ணுமில்ல அண்ணி, தசைப்பிடிப்பு. ரெண்டு நாளா இருக்கு."

குனிந்து கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இடது கெண்டைக்கால் வேறு யாரோ பருத்த ஆளுடையது போல் இருந்தது. காலுறையின் விளிம்பு சதையில் புதைந்திருந்தது. வலது கால் அவனுடைய பழைய குச்சிக்கால்தான்.

"உன் திரை கடைசியா எப்ப பூட்டுச்சு?"

"இங்க வந்ததிலேர்ந்து பூட்டலையே. கெட்டுப்போச்சு போல, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அண்ணி, திங்கட்கிழமை வரைபடம் குடுக்கணும்..."

"குடுக்க நீ இருக்கணும்ல? வாயை மூடிக்கிட்டு வா."

காலில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. இன்னும் நுரையீரலுக்கு ஏறவில்லை. அதே கேள்வியைத்தான் அங்கேயும் கேட்டார்கள். "ஆமா டாக்டர், ஒன்பது மணி நேரம், அசையாம" என்றேன்.

அவனை அங்கே படுக்கவைத்துவிட்டு மறுநாள் காலை அலுவலகம் போய் நிரலைத் திறந்தேன். 'இவர்களைப் பூட்டாதே' என்ற வரிக்குக் கீழே ஒரே ஒரு பெயர், என் கணவருடையது. மற்றவர்கள் திரை சரியாகப் பூட்டுகிறதா என்று பார்க்க முதல் நாள் தன்னை விலக்கிவைத்தவர், அதை எடுக்க மறந்திருக்கிறார். நாங்கள் நடக்கும்போது அவர் உட்கார்ந்தே இருப்பார். சரிபார்க்கிறார் என்று நினைத்தோம்.

அந்தப் பெயரை என் கையால் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அழித்தது அன்றுதான்.

மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகுதான் கொழுந்தனை வேலைக்கு விட்டேன். முதல் நாளே பதினொரு மணிக்கு அவன் திரை பூட்டிக்கொண்டது.

"ஐயோ அண்ணி, ஒரே ஒரு கோடுதான் பாக்கி!"

"கோடு எங்கேயும் ஓடிடாது. நீ நட" என்று சொல்லிவிட்டு, நானும் அவனோடு மாடிப்படி ஏறினேன்.