அத்தானைக் கொன்ற புத்தகம்

"எழுத்துப் பிழை நாப்பத்தொண்ணு. ஒற்றுப் பிழையை எண்ணல. எண்ணினா நீ அழுதுடுவ."

"கதை எப்படிக்கா இருக்கு?"

"விறுவிறுன்னு போகுது."

"வேற ஒண்ணும் சொல்லத் தோணலையா?"

"தோணுச்சே. அந்தத் தண்ணித் தொட்டி மூடிய ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்துதான் தூக்க முடியும்னு எழுதியிருக்க. அப்புறம் அவ எப்படிடா தனியா அவனை உள்ள போட்டா? கனத்தைக் குறை. இன்னொண்ணு, அவ இடது கைக்காரி. கொலை பண்ற பக்கத்துல மட்டும் வலது கைக்கு மாறிடுறா. சரி பண்ணிடு."

நான்கு வருடங்களுக்கு முன் என் மூன்றாவது நாவலின் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா பேசியது இவ்வளவுதான். சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவை மூடி இடது கையால் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அக்காவும் இடது கைக்காரி. நாவலில் வருகிறவளைப் போல அவளும் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருப்பார்களே, அந்தத் தாள்களைத்தான். "நீ தப்பா எழுதினா கதையில ஒருத்தன் சாவான். நான் தப்பா விட்டா நிஜமாவே சாவான்" என்பாள். நாவலில் அந்தப் பெண்ணின் கணவன் ஸ்கூட்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வரவே இல்லை. அத்தானும் அப்படித்தான் போனார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. நாவலின் கடைசி அத்தியாயத்தில் அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கிறார், கொன்றது மனைவி. பெயர்களை மாற்றியிருந்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதைப் படித்த அக்கா தொட்டி மூடியின் கனத்தைத் திருத்திக் கொடுத்தாள்.

அந்த வெட்கமே ஒரு மனிதனுக்குப் போதும். என்னிடம் அதைவிடப் பெரிய ஒன்று இருந்தது.

நான் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் ஆறாம் எண் கவுன்ட்டரில் உட்கார்கிறவன். முகவரி மாற்றம் என் வேலை. இறந்துபோனவர்களின் லைசென்சை ரத்து செய்வதும் நான்தான். வீட்டார் இறப்புச் சான்றிதழின் நகலோடு வந்து நிற்பார்கள்; நான் முத்திரை குத்துவேன். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, மிச்சம் முப்பத்தைந்து நிமிடம் ஜன்னல் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுவேன். "என்ன டிடெக்டிவ், இன்னைக்கு எத்தனை பிணம்?" என்று ஏழாம் கவுன்ட்டர்க்காரர் கேட்பார். "காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு" என்றால் எது அலுவலகக் கணக்கு, எது நாவல் கணக்கு என்று அவருக்கே புரியாது.

எந்தப் பதிப்பகமும் என்னைச் சீண்டவில்லை. நானே அச்சடித்து, நானே பொட்டலம் கட்டி, நானே தபாலில் சேர்ப்பேன். அட்டைப்படம் என் மைத்துனன் கைவண்ணம். எந்தக் கதைக்கும் ஒரு கத்தி போட்டுவிடுவான், விஷம் வைத்த கதைக்கும் கூட. ஆனால் கொள்கையில் நான் பெரிய கறார் பேர்வழி. தற்செயலாகத் துப்பு கிடைத்து முடிகிற கதை எனக்கு ஆகாது. கொலைகாரன் முதல் முப்பது பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதை சொல்கிறவன் தனக்குத் தெரிந்ததைப் படிக்கிறவனிடமிருந்து ஒளிக்கக் கூடாது. அப்படிச் செய்கிறவன் எழுத்தாளனே இல்லை, ஏமாற்றுக்காரன் என்று கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கிளை அலுவலகத்திலிருந்து வந்த காகிதக் கட்டுக்குள் அத்தானின் விண்ணப்பம் இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வாலை அடிக்கோடு மாதிரி இழுத்துவிடும் அதே கையெழுத்து. பிறகு புகைப்படம். கன்னம் உப்பியிருந்தது. மீசையை எடுத்திருந்தார். பேருந்தில் ஏழு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊருக்கு முகவரி மாற்றக் கேட்டிருந்தார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர். உறவு: மனைவி.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. முத்திரை குத்தித் தட்டில் வைத்தேன்.

அன்று மாலையே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். ரகசியக் காப்பு விதி இருக்கிறது, வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, அவள் மனம் உடைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து நாவலைத் தொடங்கினேன். அந்த ஆளை அப்படி உப்பிய கன்னத்தோடு விட்டுவைக்க எனக்குப் பொறுக்கவில்லை, கொன்றேன். அதற்கு அக்காவின் கையைக் கடன் வாங்கிக்கொண்டேன். அவளுக்காக எழுதுகிறேன் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். புத்தகம் விற்றது. நான் எழுதியதில் விற்றது அது ஒன்றுதான். யாராவது பாராட்டும்போதெல்லாம் காது மடல் சுடும். ஆனாலும் நின்று முழுவதையும் கேட்டுக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வட்டார நூலகத்தில் வாசகர் கூட்டம். நூலகரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். அக்கா மூன்றாவது வரிசையில், விற்பதற்குக் கொண்டுவந்த புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்தார்.

"சார், அந்தத் தொட்டி நாவல் இருக்கே, அதுல வர்ற பொம்பள அச்சு அசலா இருக்கா. நிஜமா யாராவது இருக்காங்களா?"

"முழுக்க முழுக்கக் கற்பனைங்க."

"கற்பனைல இவ்வளவு ரத்தமும் சதையுமா வருமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மைக் கையில் இருந்தது. பதினெட்டு முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "வீட்ல அதட்டுறதுக்கு ஒரு அக்கா இருந்தாப் போதும் சார், கொலைக்கதை தானா வரும்" என்றேன். "செத்தவனைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவன் எங்கயாவது நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு இருப்பான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரித்தாள்.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பையை வாங்கப் போனேன்; தரவில்லை. நிறுத்தத்தின் இரும்புப் பலகை வெயிலில் காய்ந்து கிடந்தது. கைக்குட்டையை விரித்து எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"அதட்டுற அக்காவா நான்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன்க்கா."

"பேச்சுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அந்த வாத்தியார் தொடையில தட்டிச் சிரிச்சாரு." பையை ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். "முழுக்கக் கற்பனைன்னு சொன்னியே, நிஜமாவா?"

"அக்கா, உன்னை அப்படி எழுதினது தப்புதான். அன்னைக்கே கால்ல விழுந்திருக்கணும். நீ ஒண்ணும் கேக்கல, நானும்…"

"ஐயோ, அதை யாருடா கேட்டா? கொலைகாரியா போட்டதுக்கா நான் வருத்தப்படுறேன்? ஒரு நாளாவது அந்த மனுஷனைத் தொட்டியில போட்டு மூடணும்னு நான் நெனச்சதில்லைனு நீ நெனக்கிறியா? அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"அவர் போன புதுசுலேயே உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "உன் ஆபீஸ்ல எல்லாரோட விவரமும் இருக்குமே. ஆனா, தம்பி வேலைக்கு வினையாயிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் நீ இந்தக் கதையைக் கொண்டாந்து குடுத்த. முதல் பக்கத்துலேயே பஞ்சர், ஸ்கூட்டர். கடைசியில ஆளே இல்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா?"

"என்னக்கா?"

"செத்தவங்க லைசென்ஸ் எல்லாம் உன் ஜன்னலுக்குத்தான வருது. ஒரு நாள் இவரோடதும் வந்திருக்கு. அக்கா மூஞ்சியப் பாத்து சொல்லத் தைரியமில்ல. அதான் கதையா எழுதிப் பிழை திருத்தக் குடுத்திருக்கான். அப்படித்தான் நெனச்சேன்."

தெருவில் ஒரு வண்டி போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"மறுநாள் லீவு போட்டேன். இருபது வருஷத்துல உடம்புக்கு ஒண்ணும் இல்லாம லீவு போட்டது அந்த ஒரு நாள்தான். நாள் பூரா அழுதேன். அப்புறம் பீரோவுல இருந்த சட்டை, பேன்ட் எல்லாத்தையும் எடுத்து அச்சக வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். பாவம், அவருக்குச் சட்டைக் கை நீளமா இருந்துச்சு, மடிச்சு மடிச்சுப் போட்டுக்கிட்டாரு. அதைத் தெனமும் வாசல்ல பாத்துக்கிட்டேதான் வேலைக்குப் போவேன்."

"அக்கா…"

"இரு, சொல்லி முடிச்சிடுறேன். விட்டா மறுபடி வாய் வராது. என்னைக்காவது நீயா வந்து சொல்லுவியான்னு நாலு வருஷமா பாத்துக்கிட்டு இருந்தேன். ஃபாரத்துல கணவர் பேருக்கு முன்னாடி 'காலஞ்சென்ற'ன்னு போடலாமா, வேணாமான்னு தெரியாம அந்தக் கட்டத்தை ஒவ்வொரு தடவையும் காலியா விட்டுட்டு வர்றேன். ஊரான் எழுதினதுல ஒரு புள்ளி விட்டிருந்தா எனக்குத் தூக்கம் வராது. என் கட்டம் மட்டும் காலி. இன்னைக்கு நீ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, அவன் எங்கயாவது சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு இருப்பான்ற. எல்லாரும் சிரிக்கிறாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த முகவரியை ஒரே ஒரு தடவைதான் படித்தேன். வீட்டு எண், தெரு, அஞ்சல் எண் எல்லாம் இன்றும் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன.

எங்கள் பேருந்து வந்து நின்றது. அக்கா எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். அவள் இடது கையை அசைத்து அவரைப் போகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் தலையைத் தூக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"எங்க இருக்காருன்னு கேக்கல. யாரோட இருக்காருன்னும் கேக்கல. உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் எனக்குச் சொல்லுடா."