அந்த வீட்டின் இரண்டாம் நபர்

எதிர் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. என் வீட்டுச் சன்னல் அந்தப் பக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் மூன்று பேர், ஒரு டப்பா. மகன் மாதத்தில் பாதி நாள் விமானத்தில் இருப்பவன். அவனுடைய அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் செக்கர் மாமா. மருமகள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். டப்பா என்பது கூடத்து அலமாரியில் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கை அகலக் கறுப்புச் சாமான். விளக்கு, மின்விசிறி, ஏசி, வாசல் பூட்டு எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். அது மனிதர்கள் பேச்சைக் கேட்கும். யார் பேச்சை முதலில் கேட்கும் என்பதில்தான் வந்தது வினை.

ஆறு மாதத்துக்கு முன் அதைப் பொருத்த மெக்கானிக் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். எதேச்சையாகத்தான்.

"ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா இது குழம்பக் கூடாது பாருங்க, அதனால வரிசை வெச்சிருக்கு" என்றார் மெக்கானிக். "மேல இருக்கிறவர் ஒண்ணு சொல்லிட்டா, நாலு மணி நேரத்துக்குக் கீழ இருக்கிறவர் அதை மாத்த முடியாது. வரிசையை மாத்துறதுன்னா முதல் ஆள்தான் மாத்தணும். ஒவ்வொருத்தரா வந்து குரல் குடுங்க, குடுக்குற வரிசைதான் கணக்கு."

மகன் முதலில் கொடுத்தான். கொடுத்த கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். செக்கர் மாமா குளியலறையில். அவர் உள்ளே போனால் ஒரு மணி நேரம் என்பது தெருவுக்கே தெரியும். மருமகள் அடுப்படியில் மெக்கானிக்குக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க குடுங்களேன்மா."

கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத சுபாவம் எனக்கு. கொடுத்தேன். "இரண்டாம் நபர் பதிவாகிவிட்டார்" என்றது டப்பா. மாமாவும் மருமகளும் அப்புறம்தான் வந்து பேசினார்கள். போகிறபோது மெக்கானிக் ஏசியின் ரிமோட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டார். "இனிமே இது எதுக்கு?"

அன்றிலிருந்து மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "பையனுக்கு அடுத்து இந்த வீட்டுல நான்தான். டப்பாவே ஒத்துக்கிட்டிருக்கு." நான் திருத்தவில்லை. பெரிய மனிதர் மனசை எதற்கு நோகடிப்பது?

போன வியாழக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். மருமகளுக்கு ஒரு பெரிய ஓட்டலிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. நாலடுக்குக் கேக், உச்சி முதல் அடி வரை வெண்ணெய் கிரீமில் பூக்கள். இது சரியாக வந்தால் வாரா வாரம் ஆர்டர். வராவிட்டால் அடுத்த மாதம் பழைய ஆபீஸ் நாற்காலி. அவள் புருஷன் அப்படித்தான் கெடு வைத்திருந்தான். மூன்று மணிக்கு வேன் வரும் என்பது வரை எனக்குத் தெரியும். சன்னல் திறந்துதானே இருக்கிறது.

பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் தயிர் கேட்கலாம் என்று போனேன். கூடம் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மேசையில் கேக் நின்றது. பொய் சொல்லக் கூடாது, ஒவ்வொரு இதழும் நகம் மாதிரி மெல்லிசு.

"உக்காருங்கக்கா, அட்டைப்பெட்டி வந்திருக்காம், கீழ போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனாள்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. குளிர் ஆகாது. அலமாரிப் பக்கம் குனிந்து, சும்மா ரகசியம் சொல்வது போல, "இருபத்தெட்டு" என்றேன். ஏசி பெருமூச்சு விட்டு அடங்கியது. அவள் வந்ததும் தயிரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு எதிர் வீட்டில் குரல் உயர்ந்தது. தயிர்க் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் ஏது? ஓடினேன்.

மேலடுக்கில் ஒரு பூ தலை குனிந்திருந்தது. இன்னொன்று குனியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மருமகள் முகமெல்லாம் வேர்வை.

"இருபது!" என்றாள் டப்பாவிடம்.

"முடியாது. இரண்டாம் நபரின் உத்தரவு நடப்பில் உள்ளது."

அவள் மாமாவின் அறைப் பக்கம் திரும்பினாள். "மாமா! ஏசியை ஏன் மாத்தினீங்க? குளிருதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

பேப்பரும் கையுமாக வந்தார் மாமா. "நானா? சாப்பிட்டுட்டுப் படுத்தவன் இப்பத்தாம்மா எழுந்திருக்கேன்."

"ரெண்டாவது ஆள் நீங்கதானே? ஊரெல்லாம் சொல்றீங்க!"

"தூக்கத்துல ஏதாவது உளறினேனோ என்னவோ. இரு, இதுக்கு ஏன் பதறுற?" தொண்டையைச் செருமி, ரயில் பெட்டிக்குள் ஏறுகிற தோரணையில் நின்றார். "இருபது!"

"முடியாது. இரண்டாம் நபரின் உத்தரவு நடப்பில் உள்ளது."

மாமா டப்பாவையே பார்த்தார். "அப்போ நான் யாரு?"

"நீங்கள் மூன்றாம் நபர்."

முப்பது வருஷம் அடுத்தவர் டிக்கெட்டைச் சோதித்தவர். அவர் டிக்கெட்டே செல்லாது என்றால் எப்படியிருக்கும்? பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

நானோ கிண்ணத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன். மருமகள் புருஷனுக்குப் போன் போட்டாள். விமானத்தில் இருக்கிறான், ஐந்து மணிக்குத்தான் இறங்குவான். மெக்கானிக் கம்பெனிக்குப் போட்டாள். நீங்கள் வரிசையில் ஒன்பதாவது என்றது ஒரு பதிவுக் குரல். டப்பாவின் ஒயரைப் பிடுங்கப் போனாள். பிடுங்கினால் ஏசியும் சேர்ந்து நின்றுவிடும் என்று மாமா கையைப் பிடித்தார். கேக் எந்த ஃபிரிஜ்ஜுக்குள்ளும் நுழையாது. வேறு ஏசியும் கிடையாது. இரண்டாவது பூவும் குனிந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சரி, திங்கக்கிழமை ஆபீசுக்குப் போன் பண்ணிடறேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

வாசல் நாலடி தூரத்தில் இருந்தது. கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. வாய் மட்டும் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"இருபது" என்றேன்.

"சரி" என்றது டப்பா.

ஏசி உறுமியது. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அக்கா..." என்றாள் மருமகள்.

"டீ போட்டுக்கிட்டிருந்தேல்ல அன்னிக்கு," என்றேன். "மெக்கானிக்தான் கேட்டார். முழங்கால் வேற..."

"நீங்களா ரெண்டாவது ஆளு?" மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். "பதினாறுன்னு சொல்லுங்க."

"பதினாறு."

"மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்க, கிரீம் காயும்."

"மின்விசிறியை நிறுத்து."

"அப்படியே அங்கயே நில்லுங்கக்கா. வேன் வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

ஒரு மணி நேரம் நின்றேன். முழங்கால் இரண்டும் மரக்கட்டை. குனிந்த பூக்களை வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். ஒவ்வொரு இதழுக்கும் "இன்னும் ஒரு டிகிரி", "இப்போ ஒண்ணு ஏத்துங்க" என்று என்னை ரிமோட்டாக அமுக்கினாள். போர்வை போர்த்திக்கொண்டு மாமா என்னை முறைத்தார். மூன்று மணிக்கு வேன் வந்தது, கேக் போனது. ஆறரைக்கு அவள் போனில் சிரித்த சிரிப்பு என் அடுப்படி வரை கேட்டது. வாரா வாரம் ஆர்டர் என்று அர்த்தம்.

அதற்குள் புருஷன் தரையிறங்கி வீட்டுக்கு வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே, அவள் சொன்ன வரிசையை யோசிக்காமல் டப்பாவிடம் ஒப்பித்திருந்தான். இப்போது முதல் நபர் அவள். இரண்டாவது மாமா, இந்தத் தடவை நிஜமாகவே. மகனுக்கு மூன்றாவது இடம்.

மறுநாள் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். நேற்றைய களேபரத்தில் கையோடு திரும்பக் கொண்டுவந்துவிட்டேனே. முன்பெல்லாம் என் குரல் கேட்டாலே கதவு திறந்துவிடும்.

"நான்தான்" என்றேன்.

"விருந்தினர்" என்றது டப்பா. "முதல் நபரிடம் அனுமதி கேட்கிறேன். காத்திருக்கவும்."

பத்து நிமிடம் நிறுத்தி வைத்தாள். பரவாயில்லை. கதவு மெல்லிசுதான். வரிசையில் மூன்றாவதாக இறங்கியதற்கு மகன் உள்ளே கத்திக்கொண்டிருந்தது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.