சாத்த முடியாத கதவு

பழைய வீட்டை இடித்த இடத்தில் டிராக்டர் களிமண்ணைக் கிளறிப் போட்டிருந்தது. அவள் கணவர் முழங்கால்வரை மண் அப்பிக்கொண்டு, சிமெண்டும் நிலக்கரிச் சாம்பலும் கலந்த பொடியை ஆட்களிடம் சீராகத் தூவச் சொல்லிக்கொண்டிருந்தார். சாலைத்துறையில் மண்ணைச் சோதித்தே தலை நரைத்தவர். ஊரார் ரோட்டையெல்லாம் கெட்டிப்படுத்தியாகிவிட்டது. சொந்த வீட்டுக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது.

"தண்ணி தெளிச்சதும் மளமளன்னு ரோலர் ஓட்டிடணும் மேஸ்திரி. இறுகிட்டா அப்புறம் யார் பேச்சும் கேக்காது."

"உங்கள மாதிரின்னு சொல்லுங்க சார்," என்றார் மேஸ்திரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

இந்தக் களிமண்ணில் நின்ற பழைய வீட்டின் தரை வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். மழைக்காலம் முழுக்க அறைக்கதவு பாதியில் தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் கோபித்துக்கொண்டு உள்ளே போனவள் அதைச் சாத்தப் படாதபாடு பட்டாள். வெளியிலிருந்து அவர், "நான் வேணா ஒரு கை குடுக்கட்டுமா?" என்று கேட்டார். அன்றைய சண்டை அதோடு சரி. அப்புறம் எத்தனையோ சண்டைகள். மழைக்காலத்தில் ஒன்றுகூட உருப்படியாக நீடித்ததில்லை. அந்தப் பாதிக் கதவு வழியாக டீ போகும், மகள் தூது போவாள், கடைசியில் அவரே ஒருக்களித்து நுழைந்துவிடுவார்.

இப்போது இருக்கும் வாடகை வீட்டில் கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிறது. ஓய்வுபெற்ற பிறகு பேச்சு சுருங்கிப்போனவர், சாப்பிட்டதும் அறைக்குள் போவார். பொழுது சாயும்வரை அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை, சாத்துகிறது, சாத்திக்கொள்கிறார். புது வீட்டுத் தரை இம்மியும் எழும்பாது என்று அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அந்த வாடகை வீட்டுக் கதவுதான் நினைவுக்கு வரும்.

ஈரச் சாக்கு விரித்துப் பதப்படுத்திய தரை சாம்பல் நிறத்தில் கெட்டியாகக் கிடந்த ஒரு காலையில், அவர் சுண்ணாம்புப் பொடியால் அறைகளுக்குக் கோடு போட்டார்.

"உங்க ரூமுக்குக் கதவு வேணாங்க," என்றாள்.

நிமிர்ந்தார். "ஏன்? தரைதான் இனிமே அசையாதே. நல்லாச் சாத்துமே."

"அதனாலதான் சொல்றேன்."

பொடி அவர் விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவளையே பார்த்தார். பிறகு குனிந்து கோட்டைத் தொடர்ந்தார். ஓரிடத்தில் கையை இறுக மூடி, கொஞ்சம் தள்ளிப்போய்த் திறந்தார்.

கோட்டில் விழுந்த அந்த இடைவெளியில் கதவு வருமா என்று அவள் கேட்கவில்லை. அதன் வழியாக உள்ளே போய் நின்றாள். செருப்பில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டவில்லை. கோட்டுக்கு வெளியே அவர் வெள்ளைக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.