கழுதை ஏன் நனைந்தது

அந்த வீட்டில் லத்தீன் பாடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். அம்மா லத்தீன் கதையை ஒரு தடவைதான் படிப்பாள். இன்னொரு தடவை என்று கெஞ்சக் கூடாது, புத்தகத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. அவள் படித்து முடித்ததும் இரண்டு பெண்களும் நோட்டைத் திறந்து, கேட்ட கதையைத் தங்களுக்குத் தெரிந்த லத்தீனில் எழுதிக் காட்ட வேண்டும். எழுத்தில் தப்பு வந்தால் பரவாயில்லை. கதை விட்டுப்போகக் கூடாது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவளுக்கு அடுத்தவர்கள் சொல்கிற புத்திமதிக்குக் குறைவே இல்லை. அதிலும் லத்தீன் என்றால் கேட்கவே வேண்டாம். நாத்தனார் வரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள். "பேச ஆளே இல்லாத பாஷையப் போய் சொல்லிக் குடுக்கறியே, சண்டை போடணும்னாகூட எதிர்ல ஒருத்தர் வேணாமா?" அம்மாவுக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டாள். பதினோரு வருஷம் ஒரு தாவரக் காப்பகத்தில் உட்கார்ந்து, காய்ந்த செடிகளுக்கு லத்தீனில் பெயர்ச்சீட்டு எழுதியவள் அவள். அந்தச் சீட்டுகளில் இருந்துதான் லத்தீன் அவளிடம் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட பிறகும் அது விடவில்லை.

பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்குப் பத்து. பெரியவள் லத்தீனை மருந்து குடிப்பது மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு படிப்பாள். சின்னவளுக்கோ அது உயிர். பூனை பாலைத் தட்டிவிட்டால்கூட லத்தீனில்தான் திட்டுவாள். அப்படிப்பட்டவளின் நோட்டில்தான் ஓட்டை விழ ஆரம்பித்தது.

பாலம் கட்டுகிற ஒருவனும் அவனுடைய கழுதையும் வருகிற நீளமான கதை அது. ஒரு நாள் சின்னவள் எழுதியிருந்தாள்: கழுதை கல் சுமந்து கரையோரம் நடந்தது. கழுதை நனைந்து நடுங்கியது. அவன் அதைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"கழுதை ஏன்டி நனைஞ்சுது?" என்று அம்மா கேட்டாள்.

"அதத்தான்மா நானும் யோசிச்சேன். மழை வந்திருக்கும்னு நெனச்சேன்."

"ஆத்துல வழுக்கி விழுந்துச்சுன்னு படிச்சேனே."

"இல்லம்மா. நீ அதப் படிக்கல."

அம்மா பெரியவளின் நோட்டை வாங்கிப் பார்த்தாள். கழுதை வழுக்கியது, ஆற்றில் விழுந்தது, தண்ணீர் சில்லென்று இருந்தது, எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. அவள் சிவப்புப் பென்சிலை எடுத்துச் சின்னவளின் நோட்டு ஓரத்தில் 'கவனம் எங்கே?' என்று எழுதினாள்.

பிறகு அது வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஆனது. எப்போது கேட்டாலும் சின்னவளிடம் ஒரே பதில்தான்: நீ படிக்கல. மறதியை அம்மா மன்னித்திருப்பாள். தன் கவனக்குறைவைத் தூக்கி அம்மா தலையிலேயே போடுகிற பொய்யை எப்படி மன்னிப்பது? ஓரத்தில் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. 'பொய் சொல்லாதே.' 'மறுபடியும் பொய்.' எல்லாம் அவளுடைய அழகான பெயர்ச்சீட்டுக் கையெழுத்தில்.

கடைசியில் ஒரு நாள் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். நோட்டு இப்படியே இருந்தா உனக்கு லத்தீன் கிடையாது. அக்கா மட்டும் படிக்கட்டும்."

சின்னவள் அழவில்லை. மறுநாள் தன் நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் வாயையே பார்த்தபடி கேட்டாள். அப்படியும் ஓட்டை விழுந்தது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கணவர் காலைச் சுளுக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். ஒரு துணி ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். லத்தீனில் ஒரு சொல் தெரியாது. சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தவர் காதில் பாடம் வெறும் சத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே தையல் விடுகிறது என்று சொல்கிற காது அது. நடுவில் சத்தம் நின்றதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவி பக்கத்தின் நுனியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் லேசாக மென்றது. அவர் மனசுக்குள் பன்னிரண்டு வரை எண்ணினார். பிறகு அவள் எதுவுமே நடக்காதது போல மேலே படித்தாள்.

"எதுக்கு நடுவுல நிறுத்தின?" என்று பாடம் முடிந்ததும் கேட்டார்.

"நான் எங்க நிறுத்தினேன்?"

அவர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "அம்மா எப்பவும் இப்படித்தான் நிறுத்துவாங்களா?" என்று சின்னவளைக் கேட்டார்.

"ஆமாப்பா. கதை நல்லா இருக்கற எடத்துல கொஞ்ச நேரம் நிறுத்துவா. அப்பறம் படிப்பா."

பெரியவள் அதைக் கேட்டுத் தேம்பி அழ ஆரம்பித்தாள். "அவ பொய் சொல்லலம்மா. நீ நெஜமாவே படிக்கல. நிறுத்திட்டு நாலஞ்சு வரி தள்ளித்தான் ஆரம்பிப்ப. எனக்கும் கேக்கல. நீ கோவப்படுவியேன்னு நான் முன்னாடியே அலமாரியில இருந்து புத்தகத்த எடுத்துப் படிச்சு வெச்சுப்பேன்."

இத்தனை மாதமாகப் பாராட்டு வாங்கிய நோட்டு அது. அம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் படுவது என்று தெரியாமல் அதுவும் அடங்கிப்போனது.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி ஒரு கட்டி. எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு பேச்சும் படிப்பும் பழையபடி இருக்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. "இது எப்ப ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட வந்திருந்த சின்னவள் பையிலிருந்து தன் நோட்டை எடுத்து, கழுதை நனைந்த பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அங்கே தேதி இருந்தது. ஏழு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டி ஓட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

"இந்தச் செவப்பு எழுத்தெல்லாம் என்ன?"

"என்னோட எழுத்து" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து அழித்துப் பார்த்தாள். சிவப்பு போகாமல் இளஞ்சிவப்பாகப் பரவியது. 'மறுபடியும் பொய்' இருந்த இடத்தில் காகிதம் கிழிந்தது. அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சுக்கடி" என்றாள். "பரவால்லம்மா" என்றாள் சின்னவள். மகள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், அந்தப் பரவாயில்லையைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாள் காலை, பெட்டி வாசலில் தயாராக இருந்தது. கதையில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அம்மா புத்தகத்தைச் சின்னவள் கையில் கொடுத்தாள். சிவப்புப் பென்சிலையும் கொடுத்தாள். "இன்னைக்கு நீ படி. நான் எழுதறேன். சட்டம் அதேதான், ஒரே தடவ."

சின்னவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். பாலம் கட்டி முடிந்தது. கால் வைக்க எல்லோரும் பயந்து கரையிலேயே நின்றார்கள். வயதாகிப்போன கழுதைதான் முதலில் நடந்தது. அவன் பின்னால் போனான். அதன் பிறகு ஊரே போனது. பெரியவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா நோட்டில் மெதுவாக எழுதினாள். எழுதியதைத் திரும்பப் பார்த்தாள். பாலம் முடிந்தது. எல்லோரும் கரையில் நின்றார்கள். எல்லோரும் அக்கரைக்குப் போனார்கள். அவ்வளவுதான் இருந்தது.

"கழுதை என்னடி ஆச்சு?" என்று கேட்டாள்.

சின்னவள் புத்தகத்தைப் பார்த்தாள், அம்மாவின் நோட்டைப் பார்த்தாள். சிவப்புப் பென்சிலை மேஜையின் மறுகோடிக்கு உருட்டிவிட்டாள்.

"நாந்தாம்மா அத விட்டுட்டேன். படிக்கவே இல்ல."

கதவோரம் நின்ற பெரியவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் பிள்ளை வாயில் இருந்து அவள் கேட்ட முதல் பொய் அதுதான். அவள் சின்னவளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"இரும்மா, மறுபடி படிக்கறேன்" என்று சின்னவள் பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.