எட்டுப் பேருக்கு ஓர் ஆயா

பாபநாசம் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தலையை எண்ணாமல் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. வலது பக்கம் வாதம் அடித்து, முக்கூடலை அடுத்த 'அன்புக் கரங்கள்' முதியோர் இல்லத்தில் அவரைக் கொண்டுவந்து கிடத்திய முதல் நாளே எண்ணி முடித்துவிட்டார். முதியவர்கள் முப்பத்திரண்டு. ஆயாக்கள் இரண்டு. ஆக, பெயர்ப் பலகை சொல்லும் அன்புக் கரங்கள் மொத்தம் நான்கு. அதில் ஒன்று எப்போதும் வாளியைப் பிடித்திருக்கும்.

நிறுவனர் முத்துசுப்பிரமணியனுக்கும் இரண்டு கரங்கள் உண்டு. அவை மேடையில் கூப்பவும் பொன்னாடை வாங்கவும் ஆனவை, கணக்கில் சேரா. அவருக்கு 'முதியோர் காவலர்' என்று ஒரு பட்டம் இருந்தது. விழா எடுத்தவரும் அவரே, பட்டம் வாங்கியவரும் அவரே. கொடுத்தது யார் என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

பாபநாசத்துக்கு இல்லத்தின் மேல் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆசைதான் ஒன்றே ஒன்று இருந்தது. ஆறு. ஜன்னலில் மருதமரங்களின் உச்சி தெரியும். அதற்குக் கீழே தாமிரபரணி. முந்நூறு எட்டு நடந்தால் அதிகம். அந்தக் காலத்தில் அவருடைய பஸ் முக்கூடலில் பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் டீக்கடைக்குப் போவார். இவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காக்கிக் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு ஆற்றில் இறங்கி நிற்பார். மீன்குஞ்சுகள் வந்து காலைக் கொத்தும். அவ்வளவு வருஷத்து உத்தியோகத்தில் அவருக்கென்று இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான். செத்துப்போன பெண்டாட்டியின் முகம்கூட இப்போது சில நாள் கலங்கித்தான் நினைவுக்கு வந்தது. கணுக்காலில் தண்ணீர் ஏறும் அந்தக் குளிர்ச்சி மட்டும் ஒரு நாளும் கலங்கவில்லை.

சக்கர நாற்காலி இல்லாமலில்லை. ஆனால் மனுஷர் கனத்த உடம்பு. தூக்கி உட்கார்த்தவும், மாடு இறங்கும் சரிவில் பிடித்து இறக்கவும் இரண்டு ஆள் வேண்டும். ஆயா சாலோமியிடம் முதல் வருஷம் வாரத்துக்கொருமுறை கேட்டார், இரண்டாம் வருஷம் மாதத்துக்கொருமுறை. அவளும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள், முகத்தைச் சுளிக்காமல்.

“நாங்க ரெண்டு பேரும் உங்ககூட வந்துட்டா இங்கன முப்பத்தோரு பேரை யாரு பாக்கது அண்ணாச்சி?”

கணக்கு சரிதான் என்று கண்டக்டரும் ஒத்துக்கொண்டார். மூன்றாம் வருஷம் அவர் கேட்பதை விட்டுவிட்டு மரஉச்சிகளை மட்டும் பார்த்தார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இல்லத்துக்கு நிதி தரும் வெளிநாட்டு அமைப்பு புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. எட்டு முதியவர்களுக்கு ஓர் ஆயாவாவது இருக்க வேண்டும்; அதிகாரி நேரில் வந்து எண்ணிப் பார்ப்பார். முத்துசுப்பிரமணியன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இன்னும் இரண்டு ஆயாக்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்று அதற்கு ஒரு பொருள் இருந்தது. அந்தப் பொருள் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அதிகாரி வரும் நாளில் ஆயாக்களின் சீருடையான நீலப் புடவைகள் இரண்டு கூடுதலாக நிற்க வேண்டும் என்று புரிந்துகொண்டார்.

அப்படித்தான் அதிகாரி வரும் நாள் காலையில் பீடி சுற்றும் இசக்கித்தாயும் மஹ்மூதா பீவியும் தட்டை ஓரம் வைத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். நிறுவனர் அவர்களுக்கு அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றினார். தொண்டின் மாண்பு பற்றி ஆரம்பித்து, வரிசையில் எப்படி நிற்பது, எண்ணும்போது எப்படிப் புன்னகைப்பது என்பதுவரை வந்தது. பிறகு மாலையும் கையுமாக வாசலுக்குப் போனார். ஆயா என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். என்ன செய்யக் கூடாது என்பதையும்தான்.

நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றும் கைகள் சும்மா இருக்குமா? மஹ்மூதா பீவி ஒரு கிழவிக்குச் சிக்கெடுத்துத் தலைசீவிவிட்டாள். இசக்கித்தாய் பாபநாசத்தின் நகங்களைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த, இலை வெட்டும் கத்தரியை எடுத்தாள். விரல் விரலாக வெட்டிவிட்டாள். கையில் புகையிலை வாசம் அடித்தது. வெட்டி முடித்துவிட்டு, விருந்தாளியிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள்:

“வேற என்ன வேணும் அண்ணாச்சி?”

மூன்று வருஷத்தில் இப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

“ஆத்துக்குப் போவணும் தாயி.”

பழகிய ஆயாவாக இருந்தால் “பாப்போம்” என்றிருப்பாள். இவள் புதுசு. மஹ்மூதா பீவியைக் கூப்பிட்டாள். இருவருமாக அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டார்கள். சாலோமி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை. “சரிவுல நாற்காலியைப் பின்பக்கமாத் திருப்பி, பைய இறக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

ஆறு அங்கேயேதான் இருந்தது. அவருக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது. நாற்காலியை முழங்கால் தண்ணீர்வரை இறக்கி, இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள். இடது காலில் குளிர்ச்சி ஏறியது. வலது காலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரிவதுபோலத்தான் இருந்தது.

அப்போதுதான் ஆற்றோரச் சாலையில் ஒரு கார் வந்து நின்றது. மெட்ராஸ் அதிகாரி வித்யாலக்ஷ்மி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார். வாசலில் நின்றே அதைப் பார்த்துவிட்ட முதியோர் காவலர், மாலையோடு ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் அதுவரை பார்த்ததில்லை.

“டெய்லி இங்க கூட்டிட்டு வருவாங்களா தாத்தா?” என்று அதிகாரி கேட்டார்.

மேல்மூச்சு வாங்க நிறுவனர் வந்து நின்றார். மாலையிலிருந்து பூ உதிர்ந்து தண்ணீரில் போனது. இசக்கித்தாய் தண்ணீரைப் பார்த்தாள்.

பாபநாசத்துக்கு எல்லாம் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் விதிப்படி இன்னும் இரண்டு ஆயாக்கள் வரலாம். தினம் தினம் ஆறு வரலாம். வராமலும் போகலாம், நிதியை நிறுத்தி இல்லத்தைப் பூட்டலாம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். சொன்ன மறுநிமிஷம் நாற்காலி கரையேறிவிடும். அவர் இறங்கி இன்னும் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் மீன்குஞ்சு இப்போதுதான் வந்திருந்தது.

“தினமும் கூட்டியாருவாக. பத்து நிமிஷம்” என்றார்.

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. தொந்தரவு செய்ய வேண்டாம், இருக்கட்டும் என்று நிறுவனரை அழைத்துக்கொண்டு மேலே போனார். ஆற்றில் இரண்டு ஆயா, இல்லத்தில் இரண்டு ஆயா; முப்பத்திரண்டை எட்டால் வகுத்தால் மீதி வராது. நிறுவனர் போட வந்த மாலையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிறுவனர் கையிலேயே வைத்திருந்தார்.

“வாய் கூசாம சொல்லிட்டியளே அண்ணாச்சி” என்றாள் இசக்கித்தாய்.

“முப்பத்தொரு வருஷம் செக்கிங்கைப் பாத்தவம்லா. ஏறுதவன் என்ன கேக்கான்னு பாக்கப்பிடாது. எப்ப இறங்குவான்னுதான் பாக்கணும்.”

பத்து நிமிஷம் ஆனதும் அவரே போகலாம் என்றார். பழக்கம்.

சாயங்காலம் நீலப் புடவைகள் மடித்துப் பெட்டிக்குள் போயின. அடுத்த செக்கிங்குக்கு வருவதாக இசக்கித்தாய் சொல்லிவிட்டுப் போனாள். ஈர வேட்டியை மாற்ற வந்த சாலோமியிடம், கிடக்கட்டும் என்றார் பாபநாசம்.

ஒரு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. முத்துசுப்பிரமணியன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தம் படத்துக்குக் கீழே மாட்டினார். முதியவர்களைத் தினமும் ஆற்றுக்கு அழைத்துப்போகும் முன்மாதிரி இல்லம் என்று அதில் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக நடக்கும் இல்லத்தை வருஷாவருஷம் சோதிக்க வேண்டியதில்லை என்றும் இருந்தது. அதைப் படித்துவிட்டு வந்து சாலோமிதான் சொன்னாள்.

“இனி மூணு வருஷம் கழிச்சுத்தான் வருவாகளாம் அண்ணாச்சி.”

வேலையில் இருந்த காலமெல்லாம் செக்கிங் வரக் கூடாதென்று வழியிலுள்ள சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டவர் அவர். இப்போது தம் வயசு எழுபத்தொன்றோடு மூன்றைக் கூட்டிப் பார்த்தார். முடியாத கணக்கில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“எந்த மாசம்னு போட்டிருக்கா?”

“தைன்னு நினைக்கேன்.”

“அப்ப தண்ணி கிடக்கும்” என்றார்.

சாலோமி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடைசிக் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.