பத்து ஐம்பதுக்கு வந்த கனவு

தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு மனிதர்கள் வேறு எதைப் பற்றியும் பொய் சொல்வதில்லை. "ராத்திரி பூரா ஒரு பொட்டுக் கண் மூடலைம்மா" என்று காலையில் என்னிடம் சத்தியம் செய்கிறவர் ஆறரை மணி நேரம் தூங்கியிருப்பார். "எனக்குக் குறட்டையா? சேச்சே!" என்கிறவரின் குறட்டை பக்கத்து அறை நோயாளியை எழுப்பியிருக்கும். வேண்டுமென்றே புளுகுகிறார்கள் என்று சொல்லவில்லை. தூங்குகிற ஆள் தன் தூக்கத்துக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருக்கிறது எங்கள் தூக்கப் பரிசோதனைப் பிரிவு. இரண்டு அறைகள், அறைக்கு ஒரு கட்டில். இரவில் வேலை பார்ப்பவர்கள் நோயாளியின் தலையிலும் தாடையிலும் காலிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்துவிடுவார்கள். நான் பகலில் வந்து, கணினியில் பதிவாகியிருக்கும் கோடுகளை முப்பது விநாடிக்கு ஒரு பக்கமாகப் படிப்பேன். இது மேலோட்டமான தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் குறி போட வேண்டும். ஓர் இரவுக்குக் கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் பக்கம் வரும். பதினோரு வருஷம் இதையே செய்து, யார் எதைச் சொன்னாலும் 'அப்படியா, பார்ப்போம்' என்கிற புத்தி வந்துவிட்டது. பிரிவில் எனக்கு சிஐடி என்று பெயர். பால் பொங்கியது என்றால்கூட இவள் சாட்சி கேட்பாள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சாட்சி கேட்டதில்லை. அது என் தங்கை புருஷன். ஜாதகம் முதல் சம்பளம் வரை நானே விசாரித்து, நானே பேசி முடித்த சம்பந்தம். லிஃப்ட் மெக்கானிக். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. "நான் பார்த்த மாப்பிள்ளை, சும்மாவா?" என்று மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்களிடம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

தங்கை ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பாள், திரும்ப மாட்டும்போதுதான் நிறுத்துவாள். அன்றைக்கு வந்து உட்கார்ந்தவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்து எலும்பின் மேல் நீலம் பூத்திருந்தது. அதன் மேல் பவுடர் அப்பியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

நான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்தது. "தூக்கத்துல பண்றாருக்கா."

"என்னது?"

"கனவுல ஏதோ துரத்துதாம். கையக் கால வீசுறாரு. பக்கத்துல படுத்திருக்கேனா, என் மேல படுது. அவருக்கே தெரியாது. நீதானே சொல்லுவே, கனவு வர்றப்ப உடம்பு பூட்டிக்கும், சில பேருக்கு அந்தப் பூட்டு வேலை செய்யாதுன்னு? இவருக்கு அதுதான்க்கா."

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இது எனக்குத் தெரிந்த நோய். இதற்கு டாக்டர் உண்டு, மாத்திரை உண்டு. நான் பார்த்த மாப்பிள்ளை நல்லவர்தான், அவருடைய தூக்கத்தில்தான் கோளாறு.

அவள் சொன்னது தப்பும் இல்லை. படுத்ததும் முதலில் மேலோட்டமாகத் தூங்குகிறோம். பிறகு ஆழத்துக்குப் போகிறோம். உடம்பு தன் அசதியையெல்லாம் தீர்த்துக்கொள்வது அங்கேதான். அதற்கப்புறம்தான் கனவுத் தூக்கம். மூடிய இமைக்குள் கண் உருளும், மூளை விழித்திருப்பதுபோல் வேலை செய்யும், ஆனால் கை கால் அசையாது. கனவில் மலையிலிருந்து குதித்தாலும் கட்டிலிலிருந்து விழாமல் இருப்பது இதனால்தான். சிலருக்கு இந்தப் பூட்டு தளர்ந்துவிடும். அவர்கள் கனவில் யாரையோ உதைப்பார்கள், உதை பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கிடைக்கும்.

இது பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்களுக்கு வருகிற கோளாறு. அவருக்கு முப்பத்துநாலு. இந்த முள் அன்றைக்கே குத்தியது. அபூர்வமாகச் சின்ன வயதிலும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். அந்த வாரம் நடித்தது நான்.

திங்கட்கிழமை இரண்டு பேரையும் எங்கள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டரம்மா நிதானமானவர். நோயாளியை முழுசாகப் பேசவிட்டு அப்புறம்தான் பேனாவைத் திறப்பார்.

"கனவு எதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை என் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "நாய் துரத்துற மாதிரிங்க டாக்டர்" என்று அவள் சொன்னாள். "ஆமா, நாய்தான்" என்றார் அவர். அவருக்கு வந்த கனவை இவளிடம் கேட்டுச் சொல்கிறாரே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. டாக்டரம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

பரிசோதனைக் கட்டிலுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தினமும் அவர் படுக்கும் நேரம், எழும் நேரம், அடி விழுந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவரும்படி தங்கையிடம் டாக்டரம்மா சொன்னார். வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதுதான். வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் பக்கமாக ஒதுங்கினார்.

"அக்கா, இது நோய்தான்னு டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தருவாங்களா?"

"எதுக்கு தம்பி?"

"சும்மாதான்க்கா. நாளைக்கு அக்கம்பக்கத்துல யாராச்சும் தப்பாப் பேசினா காட்டலாமில்ல?"

நோயாளிகள் என்னிடம் மாத்திரை கேட்டிருக்கிறார்கள், லீவுக்குக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். குணமாகுமா என்று கேட்காமல் சீட்டு மட்டும் கேட்டவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று முழுக்க அந்தக் கேள்வி செருப்பில் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு சீட்டு அவர் கைக்குப் போனால், அதற்கப்புறம் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் டாக்டர் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடாதா? இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே என்னை நான் திட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தங்கை நோட்டோடு தனியாக வந்தாள். அவர் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். நாலு மணிக்கு வந்து அழைத்துப் போவாராம். அந்த வெயிலிலும் முழங்கை மறைய உடுத்தியிருந்தாள். அவளை என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது எழுதியதுபோலவே குண்டு குண்டான கையெழுத்து. முதல் பக்கம்: "10.35 படுத்தார். 10.50 கனவு, தோளில் அடி." அடுத்த நாள், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்: "11.05 படுத்தார். 11.15 கனவு, முதுகில் உதை." வேகமாகப் புரட்டினேன். பதினாலு நாளில் ஐந்து கனவு. ஐந்தும் படுத்த இருபது நிமிஷத்துக்குள். கனவுத் தூக்கம் வருவதற்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். அதிலும் கையைக் காலை வீசுகிற சங்கதியெல்லாம் பெரும்பாலும் பின்னிரவில், விடியலை ஒட்டித்தான். பத்து முப்பத்தைந்துக்குப் படுத்த மனுஷனுக்குப் பத்து ஐம்பதுக்கு நாய் எங்கிருந்து வந்தது? அந்த நேரத்தில் அவன் தூங்கியே இருக்க மாட்டான்.

இத்தனைக்கு நடுவிலும், கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. பதினோரு வருஷப் பழக்கம், என்ன செய்ய? அப்புறம்தான் பக்கத்தின் கீழ்ப்பாதியைப் படித்தேன். "1.10 புரண்டு படுத்தார். 2.30 தண்ணீர் குடித்தார். 3.45 குறட்டை. 4.20 குறட்டை நின்றது. 5.30 எழுந்தார்." எல்லா நாளும் இப்படித்தான். அடி விழாத நாட்களிலும் மணிக்கொரு வரி இருந்தது. அவன் தூங்கினானா இல்லையா என்று நான் அந்த நோட்டில் தேடிக்கொண்டிருந்தேன். அதை எழுதியவள் பதினாலு நாளாகத் தூங்கவில்லை என்பதுதான் அதில் எழுதியிருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவளைக் காலியாக இருந்த பரிசோதனை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த அறைக்குச் சத்தம் வராது, கனமான திரை போட்டால் வெளிச்சமும் வராது. கட்டிலில் உட்கார வைத்தேன்.

"குட்டி, இந்த நேரமெல்லாம் சரியாப் பார்த்து எழுதினதா?"

"ஆமாக்கா. கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன்."

"படுத்த காமணி நேரத்துல அந்த மாதிரிக் கனவு வராதுடி. கனவுக்கு அவ்வளவு சீக்கிரம் போக முடியாது. எத்தனை பேரோட தூக்கத்தை நான் பார்த்திருக்கேன்!"

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மறுப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"அப்போ எத்தனை மணின்னு எழுதணும்க்கா?"

கேலி இல்லை, கோபம் இல்லை. பரீட்சையில் தப்பு விட்ட பிள்ளை சரியான விடையைக் கேட்பதுபோல் கேட்டாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அவளிடம் இருந்த பொய்யும் நான் சாப்பாட்டு மேசையில் அளந்த கதைகளிலிருந்து எடுத்ததுதான். பூட்டைப் பற்றிச் சொன்ன நான் நேரத்தைச் சொல்ல மறந்திருந்தேன்.

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் விரல்கள் அதை லேசில் விடவில்லை.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"நீ பார்த்த மாப்பிள்ளைக்கா" என்றாள். "எல்லார்கிட்டயும் எவ்வளவு பெருமையாச் சொல்லுவே. உனக்குக் கஷ்டமா இருக்கும்ல?"

நான் அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "முதல் தடவை அவரு மன்னிப்புக் கேட்டாரு. தூக்கத்துல பட்டுடுச்சுன்னு நான்தான் பக்கத்து வீட்டுல சொல்லிச் சமாளிச்சேன். அடுத்த தடவைலேர்ந்து அவரே அதைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு" என்றாள். சொல்லும்போதே கொட்டாவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படு."

"நாலு மணிக்கு வந்துடுவாருக்கா."

"வரட்டும். நீ படு."

அவள் செருப்போடு சாய்ந்தாள். நான் கழற்றிவிட்டேன். திரையை இழுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூச்சு மாறிவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒயர் இல்லாமலே எனக்குத் தெரிந்தது, நேராக ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாள்கணக்கில் தூங்காத உடம்பு அப்படித்தான், படியெல்லாம் இறங்காது, குதித்துவிடும்.

வெளியே வந்து டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் படித்தார். "அவருக்குப் போட்ட டெஸ்ட்டை ரத்துப் பண்ணிடுங்க. உங்க தங்கச்சி முழிச்சதும் நான் பார்க்கிறேன். அவங்க சரின்னா காயம் எல்லாத்தையும் எழுதி வைப்போம். எங்கே போறது, யார்கிட்ட சொல்றதுன்னு அவங்களையே கேட்டு முடிவு பண்ணுவோம். நீங்க முந்திக்கிட்டு முடிவு பண்ணாதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவன் வந்துவிட்டான். நான் அந்த அறைக் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்கக்கா அவ?"

"தூங்குறா."

"பட்டப்பகல்லயா?" என்று சிரித்தான். "எழுப்புங்க, போகணும்."

"எழுப்ப மாட்டேன் தம்பி."

சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது, கண்ணில் இல்லை. கதவின் கைப்பிடியைப் பார்த்தான், பிறகு நடைவழியில் போய்க்கொண்டிருந்த நர்ஸ்களைப் பார்த்தான். "என்ன சொன்னா உங்ககிட்ட?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நோட்டுல எழுதியிருந்தது போதும். நீங்க போகலாம். இன்னைக்கு அவ உங்ககூட வரலை."

நான் எழுந்து கைப்பிடியை மறைத்து நின்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டாக்டரம்மா தன் அறை வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் விழுங்கிவிட்டான். எப்போதும் பேசுகிற அந்த மெல்லிய குரலில், "சரிக்கா, அப்புறமா வர்றேன்" என்றான். அவன் ஏறிய லிஃப்டின் கதவு மூடும்வரை நான் உட்காரவில்லை.

ஆறரை மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் இருட்டில் கண்ணைப் பாதி திறந்தாள்.

"வந்தாராக்கா?"

"வந்தான். போயிட்டான்."

"நீ எங்கே இருந்தே?"

"கதவுகிட்டதான்."

"இன்னும் இருப்பியா?"

"இருப்பேன்டி."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டு, மறுபடியும் தூங்கிப்போனாள்.